சுவருக்கு இந்தப் பக்கம்

எழுந்ததும் அருணகிரி பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அப்புறம்தான் பல் துலக்கப் போனார். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. நிலாவின் தென்கோடியில் இருந்த ‘இன்முகம்’ மூத்தோர் அடுக்ககத்தில் எல்லா வீட்டிலும் பொழுது அப்படித்தான் தொடங்கியது.

நிலாவுக்கு வந்ததற்கு முழங்கால்தான் காரணம். பூமியில் இருக்கும் எடையில் ஆறில் ஒரு பங்குதான் இங்கே. கீழே மாடிப்படியைக் கண்டாலே பெருமூச்சு விட்டவர்கள் இங்கே கன்றுக்குட்டி போலத் துள்ளினார்கள். ஏவுதளத்தில் பாரந்தூக்கி மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற அருணகிரியும் அவர் மனைவி செண்பகமும், திருநெல்வேலி வீட்டை விற்று இங்கே குடிவந்ததும் அதற்காகத்தான்.

வீட்டுச் சாவி கொடுத்த அன்றே அவர் காதுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் ஒன்றைப் பதித்துவிட்டார்கள். அண்டையுணரி என்று பெயர். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் மனம் நொந்தால் இந்தப் பக்கம் இருப்பவருக்குச் சுருக்கென்று குத்தும். கூடவே ‘ஐயோ, நம்மாலல்லவா’ என்ற எண்ணம் நெஞ்சில் ஊறும். மேல்வீட்டு உரல் சத்தம், கீழ்வீட்டுக் கருவாட்டு வாசம் என்று பூமியில் அடுக்ககத்துக்காரர்கள் போட்ட சண்டைகளையெல்லாம் ஆராய்ந்து நிபுணர்கள் செய்த கருவி. வீட்டுக்கு ஒருவருக்குப் பதித்தால் போதும். இது வந்த பிறகு இன்முகத்தில் ஒரு சண்டை கூட நடந்ததில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுகூடத் தொந்தரவு என்பதால் யாரும் யார் கதவையும் தட்டியதுமில்லை.

குடிவந்த அன்று, பெட்டியை இறக்கி வைக்கும்போதே அருணகிரிக்கு முதல் குத்து விழுந்தது. ‘வந்ததும் வராததுமா உபத்திரவம் பண்ணிட்டோமே’ என்று பதறிப்போனார். பெட்டிகளை இழுக்காமல் தூக்கி வைத்தார். மறுநாளும் குத்தியது. செருப்பை விட்டார். மிக்சியைப் போர்வைக்குள் சுற்றி அரைத்தார். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்மினார். தாளிப்பையும் விட்டார். கடுகு இல்லாத ரசத்தைச் செண்பகம் ஒரு வாய் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் குத்து மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

மிச்சம் இருந்தது அவர் குரல். ஏவுதளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்திக் கத்தியே பழகிய தொண்டை. செண்பகத்துக்கோ காது மந்தம். காதுக்குள் கருவி பொருத்திப் பார்த்தாள். “பாத்திரக் கடைக்குள்ள குடியிருக்க மாதிரி இருக்கு” என்று கழற்றி எறிந்துவிட்டாள். இவருடைய தொண்டைக்கு அவளுடைய காது, ஜாடிக்கு ஏற்ற மூடி. நாற்பது வருஷம் இருவரும் உரக்கப் பேசியே குடித்தனம் நடத்தியிருந்தார்கள்.

அந்தக் குரலையும் அருணகிரி அடக்கினார். முதலில் மெல்லப் பேசினார். அவள் “என்ன? என்ன?” என்றாள். பிறகு எழுதிக் காட்டினார். ‘காப்பி வேண்டுமா’ என்று எழுதலாம், ‘அண்டையுணரி குத்துகிறது’ என்றும் எழுதலாம். ஒன்றுமில்லாத விஷயத்தை ஒன்றரை மணி நேரம் பேசுவதை எப்படி எழுதுவது? நாளடைவில் அதுவும் நின்றது. செண்பகம் சன்னலோரம் உட்கார்ந்து சாம்பல் நிற மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பல் துலக்கிவிட்டு வந்தபோது செண்பகம் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள்.

“மத்தியானக் கப்பல்ல பூமிக்கு, மவ வீட்டுக்குப் போறேன்” என்றாள். அவள் குரலும் சிறிதாகிப் போயிருந்தது. “அங்க முட்டி வலிக்கும். வலிச்சுட்டுப் போவுது. நாலு வார்த்தையாவது காதுல விழும்.”

அருணகிரி போகாதே என்று கத்த வாயைத் திறந்தார். சுருக்கென்று குத்தியது. வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் இவள் போய்விட்டால் அப்புறம் யாருக்காக நிலா? பக்கத்து வீட்டில் போய், ஒரே ஒரு நாள் பெண்டாட்டியிடம் உரக்கப் பேசிக்கொள்ள அனுமதி கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். போய்க் கதவைத் தட்டினார். தட்டினார் என்பதைவிடத் தடவினார் என்பதே சரி.

கதவைத் திறந்த அம்மாளுக்கு இவர் வயதுதான் இருக்கும். கால்களில் இரண்டு ஜோடிக் காலுறை. இவரைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

“நானே வந்து கால்ல விழணும்னு இருந்தேன் சார். வரதே தொந்தரவாயிடுமோன்னு பயம். மன்னிச்சிடுங்க.”

“நீங்க எதுக்கு? நாங்கதான் உங்களைப் பாடாப் படுத்துதோம்.”

“நீங்களா? உங்க வீட்ல ஆள் இருக்காங்களான்னே எனக்குச் சந்தேகம் சார். எனக்குத்தான் ஓயாமக் குத்துது. ஞானப்பாட்டுப் பாடறதை விட்டேன், ரேடியோவை விட்டேன். என் தங்கச்சி பூமியிலேருந்து கூப்பிட்டாக்கூட எடுக்கறதில்ல. அவகிட்ட பேசினா எனக்குச் சிரிப்பு அடக்க முடியாது.”

எஸ்தர் என்பது அவர் பெயர். திருச்சியில் கணக்கு டீச்சராக இருந்தவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். கணக்கு எங்கோ உதைக்கிறது என்று டீச்சருக்குத்தான் முதலில் தோன்றியது.

இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே நிர்வாகியாக இருந்தது ஓர் எந்திரம். அதற்கு நல்லுறவன் என்று பெயர். இருவர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டது.

“கோளாறு எதுவும் இல்லை. அண்டையுணரி மனவேதனையை அளக்கும். குற்ற உணர்வும் வேதனைதான். இவர் நொந்தால் உங்களுக்குக் குத்தும், நீங்கள் நொந்தால் இவருக்குக் குத்தும். குத்துப்பட்டவர் மேலும் நொந்துகொள்வார்.”

“முதல்ல நொந்தது யாரு? எதுக்கு?” என்றார் அருணகிரி.

“காரணத்தைக் கருவி கேட்பதில்லை. கேட்டால் வாக்குவாதம் வரும் என்று நிபுணர்கள் விட்டுவிட்டார்கள். ஆனால் நேரப்பதிவு இருக்கிறது. நீங்கள் குடிவந்த அன்று காலை, இந்த அம்மையார் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டு நொந்துபோனார்.”

“ஆமா! நகமே பேந்துபோச்சு!” என்றார் டீச்சர்.

ஒரு சுண்டுவிரலுக்காக இரண்டு வீடுகள் ஊமையாகிப் போயிருந்தன. சுவரோ ஓர் அடி கனத்துக்கு நிலாக்கல். உள்ளே யானை பிளிறினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது என்று நல்லுறவன் பெருமையாகச் சொன்னது.

“இதை ஏன் எங்ககிட்ட முன்னாலயே சொல்லல?”

“நீங்கள் சண்டை போடவில்லையே? எங்கள் மதிப்பீட்டில் இந்தத் தளத்தின் தலைசிறந்த அண்டைவீட்டார் நீங்கள் இருவரும்தான்.”

இருவரும் ஒரே குரலில் கழற்றச் சொன்னார்கள். நல்லுறவன் வருத்தத்தோடு கழற்றி, காதுக்குப் பின்னால் ஆளுக்கொரு பஞ்சை ஒட்டி அனுப்பியது. அருணகிரிக்குத் தலையிலிருந்து மூட்டையை இறக்கிவைத்தது போல் இருந்தது. தாழ்வாரத்தில் துள்ளித் துள்ளி ஓடினார். எஸ்தர் டீச்சரும் பின்னால் துள்ளினார்.

செண்பகம் பெட்டியோடு தாழ்வாரத்தின் பாதிவரை வந்துவிட்டிருந்தாள்.

“செண்பகம்! எல்லாம் கழட்டியாச்சு! நம்மால யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லையாம்! இனிமே எவ்வளவு சத்தமா வேணாலும் பேசலாம்!” என்று கத்தினார். அவருடைய பழைய குரல், மேஸ்திரிக் குரல். தொண்டை கரகரத்தது.

செண்பகம் நின்றாள். காதில் விழுந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்த முகத்தில் அவர் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. எஸ்தர் டீச்சரை ஒரு தடவை பார்த்தாள்.

“இந்த அம்மாதானா?”

“ஆமா.”

“முகம் தெரியாத இவங்களுக்கு நொந்தா உங்களுக்குக் குத்துச்சு. நல்லதுதான்.” பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். “ஒரே வீட்ல நான் இத்தனை மாசமா நொந்துக்கிட்டுக் கெடந்தேனே. ஒரு நாளாவது ஒரு குத்து குத்துச்சா?”

அருணகிரி யோசித்துப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட மன்னிப்புக்கு அளவில்லை, சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. இங்கே என்றில்லை, திருநெல்வேலியிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் முகம் கோணக்கூடாது என்று எத்தனை முறை இவள் வாயை அடக்கியிருக்கிறார்! அப்போது காதுக்குப் பின்னால் ஒன்றும் பதித்திருக்கவில்லை.

சுருக்கென்று குத்தியது. கையைக் கொண்டு போய்த் தடவினார். அங்கே பஞ்சு மட்டும்தான் இருந்தது.

“மன்னிச்சுக்கோ” என்றார். இத்தனை மாதப் பழக்கம், குரல் உதட்டைத் தாண்டவில்லை. செண்பகம் திரும்பி நடந்தாள். அருணகிரி மூச்சை இழுத்துப் பிடித்து, ஏவுதளமே அதிரும்படியாகக் கத்தினார்.

“மன்னிச்சுக்கோ! தப்பு எம்மேலதான்! என்னை மன்னிச்சுக்கோ!”

தாழ்வாரம் முழுக்க எதிரொலித்தது. ஒரு கதவு திறந்தது. எதிர்க்கதவும் திறந்தது. அப்புறம் வரிசையாக எல்லாக் கதவுகளும் திறந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத கிழவர்களும் கிழவிகளும் காதுக்குப் பின்னால் கையை வைத்தபடி வெளியே வந்தார்கள். எல்லார் கண்ணிலும் நீர்.

“பரவாயில்லைங்க சார்.”

“எங்க பேர்லயும் தப்பு இருக்கு, மனசுல வெச்சுக்காதீங்க.”

“அப்பவே மன்னிச்சுட்டேங்க. பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு?”

தாழ்வாரமே அவரை மன்னித்தது.

கோடியில் செண்பகம் மட்டும் பெட்டியைக் கீழே வைத்தாள். கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

“என்ன சொல்லுதீங்க? கேக்கல. கிட்ட வந்து சொல்லுங்க.”