முதலில் பார்த்த முகம்

மரத்துக்கு வியர்க்காது. ஆனால் தளபதி செங் ஹோவின் மேலுதட்டில் வியர்த்திருந்தது. பெங் சுவான் விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புக் கரித்தது.

மலாக்கா ஆற்றங்கரையில் அந்தச் சீன மகா மாலுமிக்கென்று புதிதாகக் கட்டிய அருங்காட்சியகம் இரண்டு மணிக்குத் திறப்பு. காவலாளி வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்விட்டான். கற்பூர மரத்தின் வாசனையும் புது வார்னிஷ் நெடியும் அடைத்துக் கிடந்த கூடத்தில், வெளியே சேற்றில் படகுகள் உரசும் சத்தத்தைக் கேட்டபடி, சுவான் மட்டும் சிலையின் எதிரே நின்றான்.

செதுக்கியது அவன் தம்பி கியான் லெங். இருவருக்கும் ஒரே பட்டறை, ஒரே தொழில். பத்திரிகையில் படம் வந்தது மட்டும் தம்பிக்கு. காலையில் சுவானின் மனைவிகூட, "நீங்களும் இப்படி ஒண்ணு செஞ்சிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டாள்.

இனி கண் திறப்பு ஒன்றுதான் பாக்கி. பூசாரி செந்தூரம் தொட்டுக் கருவிழி வைப்பார். அப்போது சிலைக்கு நேரே ஆள் நிற்கக் கூடாது, கண்ணாடியைத்தான் காட்ட வேண்டும். முதலில் கண்ட முகத்தைச் சிலை விடாது என்பது எந்தச் சிற்பிக்கும் தெரியும். சுவானுக்கு வேண்டியதும் அதுதான். ஊர் தம்பியைக் கொண்டாடட்டும், இந்தத் தளபதி என்னை மட்டும் அறியட்டும் என்று நினைத்தான். பூசைத் தட்டிலிருந்த தூரிகையை எடுத்து, முகத்தோடு முகம் வைத்து நின்றான்.

இடது கண். வலது கண்.

படகுச் சத்தம் நின்றது. சிலையின் இமையோரம் ஈரம் பளபளத்தது. அது அவனைப் பார்த்தது. பின்வாங்க நினைத்தான். பாதம் எழவில்லை. முழங்கால் இறுகியது. இடுப்பு. நெஞ்சு. கத்த வாயைத் திறந்தான். பாதியில் நின்றது. கண்ணுக்குள் இருட்டு.

பிறகு வெளிச்சம். ஆனால் தளபதியின் கண்கள் வழியே. எதிரே அவனே நின்றான். விழிகள் இருந்த இடத்தில் இழைத்த மரம், வழவழவென்று.

கதவு திறந்தது. பூசாரியோடு வந்த லெங், அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணன் ரகசியமா தன்னையே செதுக்கி வெச்சிருக்காரு சாமி. ரோமக்கால்கூட விடல. சத்தியமா எனக்கு இந்தக் கை வராது."

வாழ்நாளெல்லாம் சுவான் கேட்க ஏங்கிய சொல்.

லெங் அருகில் வந்து, கன்னத்தை ஆசையாகத் தடவினான்.

"வாய் மட்டும் கோணலா நின்னுபோச்சு. அண்ணன் வர்றதுக்குள்ள நானே சரி பண்ணிடறேன்."

இடுப்பிலிருந்து சின்ன உளியை உருவினான். உதட்டோரம் வைத்தான். தட்டினான்.

தளபதியின் முகத்திலிருந்து அவன் கண்கள் இமைக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தன. சீவல் சுருண்டு விழுந்தது. அது விழுந்த இடத்தில் தரை சிவந்தது. லெங் குனிந்து, வாய்க்குள் உளியை விட்டான்.