இருபத்தைந்துக்குக் கீழே போகக் கூடாது

"முப்பத்தொண்ணு ஆயிடுச்சு, அப்பா!" என்றாள் மாரித்.

கார்த் திரையில் பேட்டரி அளவு இன்னொரு சதவீதம் இறங்கியிருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. மலைச் சாலையின் குறுக்கே தடுப்புக் கம்பம். பனி தள்ளும் வண்டி முன்னால் போனால்தான் மற்ற வண்டிகள் வரிசையாகப் பின்னால் போகலாம்.

அதை ஓட்டும் பெரிட் அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்: "கிளம்ப ஒன்றரை மணி நேரமாகும். அப்போ இருபத்தஞ்சுக்குக் கீழ இருக்கிற பேட்டரி வண்டி வீட்டுக்குத் திரும்பிடணும். நடுமலையில நின்னா யாரு இழுக்கறது?"

மலைக்கு அந்தப் பக்கம் துறைமுகத்தில் அம்மா வேலை பார்க்கும் மீன்பிடிக் கப்பல் இன்று மாலை மட்டும் நிற்கும். இன்று தவறினால், அம்மாவைப் பார்க்க இன்னும் ஆறு வாரம்.

"ஏம்ப்பா இவ்வளவு குறைஞ்சுது?"

அப்பா மூக்கைச் சொறிந்தார். "காலையில கார் தானா சூடாகட்டும்னு நேரம் வெச்சேன். சார்ஜ் வயரை மாட்ட மறந்துட்டேன். அது தன் பேட்டரியையே தின்னு சூடாயிருக்கு."

ஹீட்டரை நிறுத்திப் பார்த்தார்கள். பத்தே நிமிடத்தில் கண்ணாடியின் உட்புறம் பனி பூத்தது. மாரித்தின் கால்விரல்கள் மரத்துப்போயின. அப்பா மறுபடி பொத்தானை அழுத்தினார்.

முப்பது.

முன்னால் ஒரு பழைய டீசல் வேன் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்!

"அவர்கிட்ட கேட்கலாமாப்பா?"

"முன்பின் தெரியாதவர்கிட்டயா? நம்ம ஊர்ல பஸ்ல பக்கத்து சீட்லகூட உட்கார மாட்டாங்க!"

இருபத்தொன்பது.

மாரித், அம்மாவுக்காகச் செய்த பன்கள் இருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். வேன் கண்ணாடியைத் தட்டினாள்.

"மாமா, உங்க வண்டியில இடம் இருக்கா? எங்க ஹீட்டர் ஓடினா பேட்டரி இறங்குது. அம்மாவைப் பார்க்க முடியாம போயிடும்."

அவர் பின்னால் நின்ற மின்சாரக் காரை எட்டிப் பார்த்தார். "அந்த மிக்ஸியிலயா வந்தீங்க?"

"எங்க மிக்ஸி இருமாது மாமா. உங்க வண்டிதான் இருமுது."

மாரித் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவர் காபி சிந்தச் சிரித்தார். "ஏறு, வாயாடி! அப்பாவையும் கூப்பிடு."

"பின்னாடி சிவப்புக் காரும் பேட்டரி வண்டிதான். ஒரு அக்கா கைக்குழந்தையோட இருக்காங்க..."

"அவங்களையும் கூப்பிடு. சீட்டெல்லாம் சும்மாதானே கிடக்கு!"

ஐந்து பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பட்டை மணக்கும் பன் கை மாறியது. மாரித் மட்டும் சாப்பிடவில்லை. ஹீட்டர் இல்லாமலும் பேட்டரி இறங்குமோ?

ஒரு வழியாகப் பெரிட் அக்கா வந்தார். சிவப்புக் காரைப் பார்த்துச் சரியென்று தலையாட்டினார். அடுத்து இவர்கள் கார்த் திரையில் டார்ச் அடித்தார்.

இருபத்தெட்டு.

"ம்... தேறிட்டீங்க. வரிசையில வாங்க." அவர் கையிலும் ஒரு பன்னை வைத்தாள் மாரித்.

நான்கு சதவீதத்தோடு கார் துறைமுகத்தில் போய் நின்றது. அம்மா ஓடி வந்து அவளைத் தூக்கிச் சுற்றினார். பிறகு டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு பன்.

"எனக்காக அஞ்சு பன் செஞ்சேன்னு சொன்னியே? மீதி எங்கடி?"

"சார்ஜுக்குப் போயிடுச்சும்மா!"