லேசான காய்ச்சல்

அந்த வீட்டில் காலையில் முதலில் பேசுவது நிறைமதியின் குடல்தான்.

ஒன்பது வயதுப் பெண்ணின் பெருங்குடலுக்குள், சுவரோடு ஒட்டிக்கொண்டு, அரிசிமணி அளவில் ஒரு குடலுணரி இருந்தது. இரவெல்லாம் அது எங்கே வீங்கியிருக்கிறது, எங்கே கசிகிறது என்று தடவிப் பார்க்கும். சந்திரனில் விடியல் மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதால், விடிந்துவிட்டதாகக் கடிகாரம் சொன்னதும் சமையலறைச் சுவரில் ஒரு நிறத்தைக் காட்டும். பச்சை என்றால் பள்ளிக்கூடம். மஞ்சள் என்றாலும் பள்ளிக்கூடம்தான், ஆனால் கதவோர இருக்கை. சிவப்பு என்றால் வீடு. அப்பா இளம்பரிதி பல் துலக்குவதற்கு முன்னால், ராசிபலன் பார்த்த முன்னோர்களின் அதே நடுக்கத்தோடு அந்தச் சுவரைப் பார்ப்பான்.

இன்று சிவப்பு.

"எத்தனை தடவைம்மா போன?"

"ராத்திரியிலேர்ந்து ஆறு."

"ரத்தம்?"

"கொஞ்சம்."

எத்தனை இட்லி சாப்பிட்டாய் என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டது இளம்பரிதிதான். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் அம்மா மாதங்கி நிலவின் மறுபக்க ஆய்வகத்தில் ஆறு மாதப் பணியில் இருந்தாள். இருந்தாலும் தாழ்த்திக்கொண்டான்.

இதில் வேடிக்கை, அவனுடைய உத்தியோகம். வெண்குழி என்னும் அந்த நிலத்தடிக் குடியிருப்பில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். நாலாயிரம் பேரின் கழிப்பறைகளிலிருந்து வருவதெல்லாம் மீள்நீர் நிலையத்துக்குள் போய், குடிநீராகத் திரும்பி வரும். அதற்குத் தலைமைப் பொறியாளர் இளம்பரிதி. உள்ளே வருவதற்கு 'மூலநீர்' என்று கௌரவமாகப் பெயர் வைத்ததும் அவன்தான். அந்தச் சொல்லுக்காகப் பேரவையில் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறான். ஊரார் குடலோடு நாள் முழுதும் குடித்தனம் நடத்துகிற மனிதனுக்கு, பெற்ற மகளின் குடலைப் பற்றி வெளியே சொல்ல வாய் வரவில்லை.

குடலுணரி சொல்வது குடும்பத்துக்கு மட்டுமே சொந்தம். பெற்றோர் வாயால் சொல்வதுதான் பள்ளிக்குப் போகும். அது சட்டம். ஆகவே இரண்டு ஆண்டுகளாக நிறைமதிக்குக் கால் சுளுக்கிக்கொண்டிருந்தது. உறவில் கல்யாணங்கள் நடந்தன. பூமியில் இருந்த ஒரு சித்தப்பா இரண்டு முறை காலமானார். "உண்மையச் சொல்லிட்டுப் போங்களேன், என்ன குறைஞ்சு போகுது?" என்று மாதங்கி ஒவ்வொரு அழைப்பிலும் கேட்பாள். சொன்னால் குழந்தையைத் தொலைவகுப்பில் போட்டுவிடுவார்கள் என்பது அவன் வாதம். தொலைவகுப்பு என்றால் வீட்டுச் சுவரைப் பார்த்துத் தனியாகப் படிப்பது. நிறைமதிக்கோ பள்ளிக்கூடம் உயிர். பக்கத்து இருக்கை அமுதவல்லியோடு பேசாமல் அவளுக்கு ஒரு கணக்கும் வராது.

பள்ளியின் வருகையைக் கவனிக்கும் இயந்திரத்தை எல்லோரும் வருகையக்கா என்பார்கள். குரல் இனிமை, தமிழ் சுத்தம், கேள்வி கேட்டால் விடாது.

"வணக்கம் ஐயா. நிறைமதி வகுப்புக்கு வரவில்லை. காரணம் சொல்லுங்கள்."

சித்தப்பாவை மூன்றாம் முறை கொல்ல இளம்பரிதிக்கு மனம் வரவில்லை.

"லேசான காய்ச்சல்."

"எவ்வளவு?"

"நூறு… நூத்தி ஒண்ணு." ஒரு பாகை கூட்டிச் சொன்னால் நம்பகமாக இருக்கும் என்று தோன்றியது.

"நன்றி ஐயா."

கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்த நிறைமதி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கா காய்ச்சல்?"

"சும்மா ஒரு பேச்சுக்கும்மா."

அவள் இரண்டாவது வாய் கஞ்சி விழுங்குவதற்குள் வாசற்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. நடைவழியில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடும் சத்தம் தொலைவுவரை கேட்டது. போன மாதம் பூமியிலிருந்து வந்த கப்பலில் ஒரு விஷக்காய்ச்சலும் இறங்கி ஊரைப் படாதபாடு படுத்தியிருந்தது. அதற்குப் பிறகு, பள்ளியில் காய்ச்சல் என்று சொன்னால் குடியிருப்பையே அடைத்துவிடுவது என்று பேரவை புது விதி போட்டது. விதி எல்லா வீட்டுச் சுவருக்கும் வந்தது. இளம்பரிதியும் எல்லோரையும் போல, ஒரு வரிகூடப் படிக்காமல், 'சம்மதம்' என்பதைத் தொட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனவன்தான்.

அடுத்த நிமிடம் மருத்துவமனையிலிருந்து செங்கமலம் டாக்டர் அழைத்தாள்.

"பாப்பாவுக்குக் காய்ச்சலாமே? அப்ப இன்னைக்கு டிரிப்ஸ் ஏத்த முடியாதுங்க. அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியக் குறைக்கும். உள்ள ஏதாவது தொத்து இருந்தா ஆபத்து. ரெண்டு மூணு வாரம் தள்ளிப் போடணும்."

அன்றைக்குத்தான் மருந்து ஏற்றும் முறை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் அந்த மருந்தில்தான் அவள் குடல் அடங்கியிருந்தது. சிவப்பான குடலை இன்னும் மூன்று வாரம் அப்படியே விடுவதா?

"டாக்டர், காய்ச்சல் இல்ல."

"இருக்குன்னு யாரு சொன்னா?"

"நான்தான்."

"அத எங்கிட்ட சொல்லிப் பிரயோசனமில்ல. வருகையக்காகிட்ட சொல்லுங்க. கதவு திறக்காம நான் ஒண்ணும் பண்ண முடியாது. மத்தியானத்துக்குள்ள கூட்டிட்டு வாங்க."

வருகையக்காவிடம் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. வதந்தி பரவக்கூடாது என்பதற்காக, காய்ச்சல் இல்லை என்று மறுப்பவர் அதை எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி பொதுக்குரலில்தான் மறுக்கவேண்டும். நாலாயிரம் பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வந்து… என் மகளுக்குக் காய்ச்சல் இல்லை," என்றான் இளம்பரிதி. "கொஞ்சம் வயிறு சரியில்லை. அவ்வளவுதான்."

"உணவு நஞ்சா? பொதுச் சமையற்கூடம் மூடப்படுகிறது."

"இல்லை, இல்லை. சாப்பாட்டால இல்லை. வயிறுன்னா… கொஞ்சம் கீழே. தண்ணியா…"

"தண்ணீரா? தாங்கள் மீள்நீர் நிலையத் தலைமைப் பொறியாளர் அல்லவா? குடிநீர்க் குழாய்கள் மூடப்படுகின்றன."

சமையலறைக் குழாய் ஒரு விக்கல் விக்கி நின்றது. ஒரு மனிதனின் மரியாதையைக் காப்பாற்றுவதற்காக ஊரே சோறும் தண்ணீரும் இல்லாமல் அடைபட்டுக் கிடந்தது. இளம்பரிதி வாயைத் திறந்தான், மூடினான். அடுத்த நாகரிகமான சொல் எதை மூடுமோ என்று பயமாக இருந்தது. மூச்சுக்காற்று ஒன்றுதான் பாக்கி.

நிறைமதி நாற்காலியிலிருந்து இறங்கி வந்து சுவர் முன்னால் நின்றாள்.

"நான் நிறைமதி பேசறேன். எனக்குப் பெருங்குடல் அழற்சி. பொறந்ததிலேர்ந்து இல்ல, ஏழு வயசுலேர்ந்து. ராத்திரியிலேர்ந்து ஆறு தடவை வெளிக்குப் போனேன், ரத்தமும் வந்துச்சு. இது யாருக்கும் ஒட்டாது. சாப்பாட்டால இல்ல, தண்ணியால இல்ல. காய்ச்சலும் இல்ல. எனக்கு டிரிப்ஸ் ஏத்தணும், கதவத் திறங்க."

"தெளிவான பதில். நன்றி," என்றது வருகையக்கா. கதவு திறந்தது. குழாயிலிருந்து மூலநீர், மன்னிக்கவும், குடிநீர் கொட்டியது.

மருத்துவமனைக்குப் போகிற வழியெல்லாம் இளம்பரிதி தரையைப் பார்த்தபடியே நடந்தான். எதிரே வந்தவர்கள் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு கிழவர் மட்டும் நின்று, "பாப்பா, எனக்கும் அதேதான், நாப்பது வருசமா," என்று நிறைமதியிடம் சொல்லிவிட்டு, தன் பங்குக்குச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நழுவினார்.

கையில் ஊசி ஏறி, மருந்து சொட்ட ஆரம்பித்த பிறகு அவள் கேட்டாள்.

"ஏம்ப்பா பொய் சொன்ன?"

"உன்னத் தொலைவகுப்புல போட்டுருவாங்களோன்னுதான்."

"அது மட்டுந்தானா?"

அவன் தலையணையைச் சரிசெய்தான். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தான். "வெக்கமா இருந்துச்சும்மா."

"வலி எனக்கு. வெக்கம் உனக்கா?" என்றவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தூங்கும்வரை அவன் அந்தக் கையை விடவில்லை.

அந்த வாரமே பேரவை கூடியது. நாலாயிரம் பேர் முன்னால் ஒரு சிறுமி அப்படிப் பேசிவிட்ட பிறகு, யாருக்கும் எதிர்த்துப் பேச வாய் எழவில்லை. இனிமேல் குடல் என்று காரணம் சொன்னால் எந்தக் கேள்வியும் கிடையாது. அந்த நாள் வருகையாகவே கணக்கில் ஏறும். தொலைவகுப்புக்கு மாற்றவும் மாட்டார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இளம்பரிதிக்குக் கண் கலங்கியது. தன்னுடைய பொய்யால் உலகத்துக்கு ஒரு நன்மை விளைந்துவிட்டது என்று மாதங்கியிடம் பெருமையடித்துக்கொள்ளவும் செய்தான்.

மருந்து வேலை செய்தது. சுவர் மஞ்சளாயிற்று, பிறகு பச்சை. பச்சையான முதல் திங்கட்கிழமை நிறைமதி கஞ்சியைக்கூட முடிக்காமல் ஓடினாள். அவன் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தபோது ஆள் குறைவாக இருந்தது. என்னவென்று கேட்பதற்குள் வருகையக்கா அழைத்தது.

"ஐயா, தங்கள் மகளை வீட்டுக்கு அனுப்புகிறோம்."

"ஏன்? மறுபடியும் முடியலையா அவளுக்கு?"

"அவள் நலமாக இருக்கிறாள். அதுதான் கவலை. அவள் வகுப்பில் மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் இன்று குடல் அழற்சி. பெற்றோர்கள் தெரிவித்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் இருவருக்கும் அதேதான். ஒட்டாது என்று உங்கள் மகள் சொன்னது தவறு என்று தெரிகிறது. இந்த வகுப்பில் இன்று நோய் இல்லாத ஒரே குழந்தை அவள். அவளைக் காப்பது எங்கள் கடமை. இனி அவளுக்குத் தொலைவகுப்பு."

இளம்பரிதி எழுந்து நின்றுவிட்டான். "அவங்க யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. லீவு போடறதுக்காகப் பொய் சொல்றாங்க."

"அத்தனை பெற்றோர்களும் பொய் சொல்ல வாய்ப்பே இல்லை, ஐயா. என் பதிவில் பொய் சொன்ன பெற்றோர் நீங்கள் ஒருவர்தான்."

அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நிறைமதி பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுத மாதிரி இருந்தது. அவனைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, நாளைக்கு எனக்கும் குடல் சரியில்லைன்னு சொல்லிரு," என்றாள். "அப்பத்தான் ஸ்கூலுக்கு விடுவாங்க."