தூணில் போட்ட முடிச்சு

புயல் கரையைக் கடந்த மறுநாள் சாயங்காலத்துக்குள் வீராம்பட்டினத்தில் காய வேண்டியதெல்லாம் காய்ந்துவிட்டது. கூரைத் தகரம் காய்ந்தது, தெருவில் ஏறிக் கிடந்த கடல்மணல் காய்ந்தது, அம்மன் கோயில் மண்டபத்தில் ராத்திரியைக் கழித்த சனங்கள் பிழிந்து போட்ட சேலையும் பாயும் பகல் வெயிலில் மொடமொடத்துப் போயின. கமலக்கண்ணன் வீட்டு வாசல் தூணில் சுற்றியிருந்த நீல நைலான் கயிறு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அது அங்கே இருக்கவே கூடாது. முந்தின நாள் ராத்திரி அதைத் தன் கையாலேயே அறுத்து, விடிந்ததும் தூணில் மிச்சமிருந்த துண்டையும் பிய்த்தெடுத்துக் குப்பை டிரம்மில் போட்டவர் அவர்தான். டிரம்மைத் திறந்து பார்த்தார். காலி. அடியில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் நின்றது.

வீட்டு வேலைக்கு வருகிற கொளஞ்சியின் வேலையாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். அவளுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. ஆனால் புயல் அறிவிப்பு வந்த அன்றே அவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போயிருந்தாள். அவர் மனைவி அமுதவல்லியும் வில்லியனூரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். புத்தியுள்ள பெண்கள். இன்வெர்ட்டரையும் சோபாவையும் காவல் காக்க இவர் ஒருவர்தான் மிச்சம்.

கமலக்கண்ணனின் அப்பா மில்லில் நூல் சுற்றியவர். பிள்ளை மனை வாங்கி மனை விற்றுப் பெரிய மனுஷரானார். சுனாமிக்குப் பிறகு கடல் என்றாலே நடுங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் கடைசித் தெருவில் இருந்த இடத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி, முன்னால் நான்கு உருண்டைத் தூண்களை நிறுத்தி, டவுனில் பிரெஞ்சுக்காரர் தெருக்களில் அடித்திருக்கிற அதே மஞ்சளை அடித்து, தன் பெயரைச் சுருக்கி ‘வில்லா கமே’ என்று பலகையும் மாட்டினார். அந்த மண்ணில் எந்தப் பிரெஞ்சுக்காரனும் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. பெங்களூரிலிருந்து வந்து வாடகைக்குத் தங்குகிறவர்களுக்கு அது தெரியவா போகிறது? தூண் இருந்தால் போதும், சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மீன் வறுவல் கேட்பார்கள். மீன் பிடிக்கிறவன் பக்கத்தில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இந்த விஷயத்தில் விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் நல்ல ஒற்றுமை.

அப்படிப்பட்ட தூணில்தான் கன்னியப்பன் தன் படகைக் கட்டினான்.

புயல் என்றால் அந்த ஊரில் படகுகள் தெருவுக்கு ஏறிவிடும். தென்னையோ, கரண்ட் கம்பமோ, வீட்டுத் தூணோ, எது கெட்டியாக இருக்கிறதோ அதில் கட்டுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. கட்டியவன் வந்து அவிழ்க்கிற வரைக்கும் அந்த முடிச்சில் வேறு யாரும் கை வைப்பதும் இல்லை. கோர்ட்டுக்குப் போய்ப் பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பிகள்கூடப் புயலில் போட்ட முடிச்சைத் தொடமாட்டார்கள். கன்னியப்பன் மரியாதைக்காரன். கேட் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கட்டினான்.

“காத்து அடங்குற வரைக்கும்தான் சார். இன்ஜினு துருப்புடிச்சுப் போயி கழட்ட வரல. நானும் போட்டுலயே தார்ப்பாயப் போத்திக்கிட்டுப் படுத்துக்கறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.”

கமலக்கண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர்களோடு என்ன பேச்சு? வருஷா வருஷம் புயல் வரும், வருஷா வருஷம் அடித்துக்கொண்டு அழுவார்கள், பிறகு அதே மணலில் அதே குடிசை. அவர் பார்வை தூணின் பெயிண்டில் இருந்தது.

அன்று இருட்டுகிற நேரத்தில் வடக்குக் காற்று ஊளையிட ஆரம்பித்தது. கடல் தெருவுக்குள் ஏறி வந்து கேட்டை முட்டியது, படகு மிதந்தது, மிதந்து மிதந்து மதிலை இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் உள்ளே சுவரில் மாட்டிய படங்கள் ஆடின, கயிறு தூணைத் தேய்த்து மஞ்சளைப் பட்டை பட்டையாக உரித்தது. அவரால் தாங்க முடியவில்லை. சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி அறுத்தார். திரும்புகிற அலையோடு படகு கடல் பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. தார்ப்பாய் விலகியது.

“சார்! சார், கயிறு!”

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். மீன்காரன்தானே, நீந்தத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்போடு நன்றாகவே தூங்கினார்.

இப்போது அதே தூணில் அதே முடிச்சு. அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை. விரல் பட்ட இடமெல்லாம் கயிறு ஐஸ் போலச் சில்லிட்டது, பாசியும் டீசலும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கத்தியைக் கொண்டுவந்து அறுத்து மதிலுக்கு வெளியே வீசினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை.

கழுவிவிட்டு வெளியே வந்தபோது கேட் அருகில் இரண்டு பேர் நின்றார்கள். கன்னியப்பனின் அண்ணன் அம்மாவாசை. அவருக்குப் பின்னால் கன்னியப்பனின் மனைவி மணியம்மாள். அழுது முடித்த முகம்.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறோம் சார்,” என்றார் அம்மாவாசை. “தம்பி போட்டு எப்ப அறுத்துக்கிட்டுப் போச்சு? காத்து திரும்புறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“அது எதுக்குப்பா உனக்கு?”

“முன்னாலன்னா வடக்குக் காத்து. போட்டு தெக்கால கடலூர்ப் பக்கம் போயிருக்கும். பின்னாலன்னா தெக்குக் காத்து, காலாப்பட்டுப் பக்கம் தள்ளியிருக்கும். தேங்காய்த்திட்டு துறைமுகமே தண்ணியில கெடக்குது, டீசல் எண்ணெ கெடைக்கல. எங்களாண்ட இருக்கறது ஒரு பக்கம் போயிட்டு வரத்தான் காணும்.”

“கவுந்திருந்தாலும் போட்டப் புடிச்சிக்கிட்டு மெதப்பாரு சார்,” என்றாள் மணியம்மாள். “இன்னிக்கு ராத்திரி தாங்குவாரு. அதுக்கு மேல தாங்கமாட்டாரு. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. சொல்லுங்க சார்.”

ஒரே ஒரு வார்த்தை. ‘முன்னால’ என்று சொன்னால் போதும், தெற்கே போவார்கள், அவன் கிடைத்தாலும் கிடைப்பான். ஆனால் கிடைத்தால் பேசுவான். கத்தியோடு தண்ணீரில் இறங்கியவர் யார் என்று சொல்வான். பிறகு இந்த ஊர் வீட்டை விட்டுவைக்குமா? கமலக்கண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நடுராத்திரிக்கு மேல இருக்கும். காத்து திரும்பினப்புறம்தான். பட்டுனு அறுந்த சத்தம் எனக்கே கேட்டுச்சே.”

அம்மாவாசை கைகூப்பினார். அதுகூடக் கமலக்கண்ணனுக்கு உறைக்கவில்லை. மணியம்மாள் மட்டும் தூணின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இங்க மட்டும் ஈரமா இருக்குதே.”

“பைப்பு லீக்கும்மா. நேரத்தை வீணாக்காம கெளம்புங்க.”

அவர்கள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் உறுமியது, ஒரு விளக்கு வடக்குப் பார்த்து நகர்ந்தது. கமலக்கண்ணன் நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை, இன்வெர்ட்டர் மத்தியானமே செத்துவிட்டது. தெருவில் ஒரு விளக்கில்லை. எங்கோ ஒரு தகரம் கிரீச்சிட்டது, நாய் ஒன்று குரைக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டது, செத்த மீன்களின் நாற்றம் மணலிலிருந்து மெல்லக் கிளம்பி வாசற்படி ஏறி வந்தது. காற்று சுத்தமாக அடங்கியிருந்தது. தென்னைகளில் ஒரு கீற்றுகூட அசையவில்லை.

தொம்.

மதிலில் ஏதோ இடித்தது. உள்ளே ஒரு படம் ஆடுகிற சத்தம் கேட்டது.

டார்ச்சை அடித்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் காய்ந்த மணல். படகு இல்லை, தண்ணீர் இல்லை. டார்ச்சைத் திருப்பினார். தூணில் முடிச்சு இருந்தது. இந்த முறை அது வெறும் துண்டல்ல. தூணிலிருந்து கயிறு விறைப்பாகப் புறப்பட்டு, கேட்டுக்கு மேலாகப் போய், தெருவில் வளைந்து, டார்ச் வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் போயிருந்தது. தெற்கே. கடலூர்ப் பக்கம்.

தொட்டுப் பார்த்தார். கயிறு இழுபட்டது. நின்றது. மறுபடியும் இழுபட்டது. நின்றது. யாரோ கை மாற்றிக் கை மாற்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். களைத்துப் போனவனின் கை. மூச்சு வாங்க நின்று, மறுபடியும் பிடிக்கிற கை.

வடக்கே அந்த விளக்கு இன்னும் தெரிந்தது. கரைக்கு ஓடி டார்ச்சை ஆட்டினால் பார்ப்பார்கள், திரும்புவார்கள். கால்கள் கேட்வரை போகவும் செய்தன. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போய் என்ன சொல்வது? பொய் சொன்னேன் என்றா? இந்த ஊர்ப் பயல்கள் முன்னால், இந்த நாற்றத்தின் நடுவில், அவர் கைகட்டி நிற்பதா? கமலக்கண்ணனுக்குப் பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான் அந்த மனுஷர்.

திரும்பி வந்தார். கத்தியை வைத்து அறுத்தார். விறைப்பாக இருந்த கயிறு சாட்டையாகச் சுழன்று இருட்டுக்குள் போனது. வெகு தூரத்தில், தெற்கே, தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கூடவே, மிகச் சின்னதாக, ஒரு குரல்.

“சார்...”

வடக்கில் விளக்கு மறைந்துவிட்டது.

உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டார், மேல்தாழும் போட்டார், ஜன்னல்களைச் சாத்தினார், மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். கடல் சத்தம் அடங்கி ஒலித்தது. மெழுகு உருகும் வாசனை. அதற்கு அடியில் பாசி, டீசல்.

சொட்டுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

மேசையின் காலில் முடிச்சு. நீலக் கயிறு தரையில் ஓடி, சாத்திய கதவுக்கு அடியில் போயிருந்தது. இழுபட்டது. நின்றது.

அறுத்தார்.

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். ஜன்னல் கம்பியில் முடிச்சு. அறுத்தார். கத்தி மழுங்கிக்கொண்டு வந்தது, ராவி ராவித்தான் அறுந்தது. திரும்பினால் கட்டில் காலில் முடிச்சு. இந்த முறை இழுப்பு வேகமாக இருந்தது. கட்டில் ஒரு விரற்கடை நகர்ந்தது.

“நான் சொல்லிடறேன்,” என்றார் கமலக்கண்ணன் இருட்டைப் பார்த்து. “காலையில முதல் வேலையா சொல்லிடறேன்பா. தெக்கால போகச் சொல்றேன்.”

இழுபட்டது. நின்றது. இழுபட்டது.

இந்த ராத்திரிக்கு மேல் தாங்கமாட்டான் என்று மணியம்மாள் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. அறுத்தார்.

குளியலறைதான் மிச்சம். ஜன்னல் இல்லை. கம்பி இல்லை. தூண் இல்லை. கட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத அறை. மெழுகுவர்த்தியோடு உள்ளே போய்க் கொண்டியைப் போட்டார். டைல்ஸ் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காது கொடுத்துக் கேட்டார்.

ஒன்றுமில்லை.

ஒரு நீண்ட மூச்சு விட்டார். நெற்றி வியர்வையைத் துடைக்க வலது கையைத் தூக்கினார்.

கை வரவில்லை.

மணிக்கட்டில் நீலக் கயிறு. இரண்டு சுற்று. அதே முடிச்சு. கயிறு கதவுக்கு அடியில் போயிருந்தது.

கத்தி. கத்தி எங்கே? கட்டில் அருகில். கதவுக்கு அந்தப் பக்கம்.

இழுபட்டது. நின்றது.

பல்லால் கடித்தார். வாயெல்லாம் உப்பு. நகத்தால் கிளறினார். நகம் பிய்ந்தது. முடிச்சு இம்மியும் அசையவில்லை. கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும்.

இழுபட்டது. தோள் கதவில் மோதியது. நின்றது. வெளியே, கூடத்தில், ஈரமான எடை ஒன்று தரையில் உராய்கிற சத்தம். இழுபட்டது. படுக்கையறை வாசலில் அதே சத்தம். நின்றது.

பிறகு கயிறு தளர்ந்தது.

முழுதாகத் தளர்ந்து டைல்ஸ் தரையில் சுருண்டு விழுந்தது. இழுக்க இனி ஒன்றுமில்லை. பிடித்து வந்தவன் வந்து சேர்ந்துவிட்டான்.

கதவின் அடியில் தண்ணீர் பரவி வந்தது. மெழுகுவர்த்தி அணைந்தது. கொண்டி தானாக விலகுகிற சத்தம், மெதுவாக, மரியாதையாக.

“காத்து அடங்குற வரைக்கும்தான் சார்.”

இருட்டில் இரண்டு கைகள் அவர் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. ஊறி வெடித்துப்போன விரல்கள். அவை முடிச்சைத் தடவிப் பார்த்தன, இழுத்துப் பார்த்தன. பிறகு நிதானமாக இன்னொரு சுற்றுப் போட்டன.