பத்து நிமிடம் ஓயாத தந்தி

காலை பதினொன்றரைக்கு இரும்பு அலமாரியைத் திறந்த ஹார்லன் டீக் தட்டுத் தட்டாகத் துழாவினார். ஆறு மாதம் பாடுபட்டுப் பதிவு செய்த பாடல்களின் மூல நாடாவைக் காணோம். லாஸ் ஏஞ்சலஸில் அவருடைய ஒலிப்பதிவுக்கூடத்தில் அப்போது இருந்தவர்கள் மூன்றே பேர்: ஹார்லன், உதவியாளர் நடீன், கித்தார் கலைஞன் டுவைட்.

போலீஸ் சார்ஜென்ட் இனெஸ் பராகான் வந்து சேர்வதற்குள் நடீனின் கைப்பையைத் தரையில் கொட்டிச் சோதித்து முடித்திருந்தார்கள்.

"சாவி இவகிட்டதான் இருந்துச்சு. வேற யார் எடுப்பா?" என்றார் ஹார்லன்.

"காபி போடப் போனேன். பத்து நிமிஷம் சாவி மேசையிலதான் கிடந்துச்சு. அது என் தப்பு. ஆனா நாடாவ நான் தொடல." என்றாள் நடீன்.

"அந்த நாடாவ வெச்சு என்ன செய்யறதா இருந்தீங்க, மிஸ்டர் டீக்?" என்று கேட்டாள் இனெஸ்.

"நாளைக்கு டுவைட் வாசிச்சத அழிச்சுட்டு வேற ஆள வெச்சுப் பதியறதா இருந்தேன். அது அவனுக்கும் தெரியும். ஆனா அவன் அந்த நேரம் பூரா உள்ள வாசிச்சுக்கிட்டிருந்தான். எனக்கே கேட்டுச்சு."

டுவைட் தன் அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். "தந்திய மீட்டினா பத்து எண்ணுறதுக்குள்ள சத்தம் செத்துடும், மேடம். பத்து நிமிஷம் கேட்டுச்சுன்னா நான் மீட்டிக்கிட்டே இருந்தேன்னு அர்த்தம். இல்ல, பேய் வந்து வாசிச்சுதா?"

இனெஸ் சிரிக்கவில்லை. ஞாயிறுதோறும் கல்யாண வீடுகளில் கித்தார் வாசிப்பவள் அவள். தாங்கியில் நின்ற அவனுடைய கித்தாரையே பார்த்தாள். குமிழ்களுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு சின்ன சுவிட்ச். பின்புறம் பேட்டரி மூடி.

"நடீன், மீட்டுற சத்தம் எத்தன தடவ கேட்டுச்சு?"

"ஆரம்பத்துல ஒரே தடவ. அப்புறம் புல்லாங்குழல் மாதிரி ஒரே இழுப்பு. மூச்சு விடக்கூட நிறுத்தல."

இனெஸ் சுவிட்சைத் தட்டினாள். தந்தியை ஒருமுறை சுண்டினாள். எல்லோரையும் வெளியே அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

ஆளில்லாத அறையில் நாதம் நிற்காமல் கேட்டது.

"தந்திக்குக் கீழ ரெண்டு கம்பிச்சுருள். ஒண்ணு தந்தியோட அதிர்வக் கேக்கும். அத உள்ள இருக்கற கருவி பெருசாக்கி அடுத்த சுருளுக்கு அனுப்பும். அது காந்தமாகி இரும்புத் தந்திய இழுத்து விடும். ஊஞ்சல நேரம் பாத்துத் தள்ளுற மாதிரிதான். பேட்டரி தீர்ற வரைக்கும் ஓயாது, விரல் வேணாம். நாடாவ எடுத்தது நீங்கதான், டுவைட்."

"கருவி இருந்தா நான் வெளிய போயிட்டேன்னு ஆயிடுமா?"

"மீட்டிக்கிட்டே இருந்தேன்னு சொன்னீங்க. மீட்டின சத்தம் கேட்டது ஒரே தடவ. அறையிலயே இருந்திருந்தா அந்தப் பொய் எதுக்கு?"

அவன் முகம் வெளிறியது. "முடிஞ்சா நாடாவத் தேடிக்குங்க."

"ஸ்பீக்கர் பக்கம் வெச்சிருக்க மாட்டீங்க. காந்தம் பட்டா உங்க வாசிப்பும் அழிஞ்சிடும். அதக் காப்பாத்தத்தானே எடுத்தீங்க?"

ஒலிபெருக்கிகளுக்கு எதிர்மூலையில் பெரிய டிரம் நின்றது. உள்ளே திணித்திருந்த போர்வையை இனெஸ் விலக்கினாள். நாடாச் சுருள் பத்திரமாக இருந்தது.

"எனக்குப் பதிலா வாசிக்க வர்ற ஆள் நாளைக்கு வந்துட்டுப் போனதும் திருப்பி வெச்சிருப்பேன்," என்றான் டுவைட்.

"என் பையக் கொட்டினப்ப நீ பக்கத்துலதான நின்ன?" என்றாள் நடீன்.

இனெஸ் அவனுக்கு வாசலில் நின்ற போலீஸ் வண்டியைக் காட்டினாள். பிறகு ஹார்லன் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பொண்ணுகிட்ட நீங்க மன்னிப்புக் கேக்கணும். எனக்கு அவசரமில்ல, நிக்கறேன்."