ஒரு கட்டத்தில் மட்டும் காற்று

கணவன் போன பிறகு அவள் முதன்முதலாக வேலைக்கு வந்த மதியம், வானிலை மையத்தின் கணினிக் கூடத்தில் வழக்கமான குளிர்தான் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. விசிறிகளின் ஒரே சீரான இரைச்சல். கதவைத் திறந்ததும் ஒரு வாடை மட்டும் புதிது. ஈரக் கயிறும் உப்பும் கலந்த வாடை. கடல் அங்கிருந்து ஒரு பகல் பயணம்.

"வாம்மா," என்றார் இயக்குநர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு இஸ்திரிப்பெட்டி என்று பெயர். எந்தச் சுருக்கமும் அவர் கண்ணில் படக் கூடாது. "விசாரணைக் குழு கேக்குது. புயல் அன்னைக்கு ஓட்டின கணக்கை அப்படியே திரும்ப ஓட்டிக் காட்டு. ஆளு தப்பா அளந்துட்டாருன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. நீயே போட்டா ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான்."

ஆளு. அவள் கணவனுக்கு அவர் வாயில் அதுதான் பெயர்.

உலகத்தின் காற்றை எண்களாக்குவது அவள் வேலை. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் அடுத்த சில நிமிடங்களில் பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும். அந்த நிமிடங்களைத் தாராளமாக விட்டால், காற்று ஒரே தாவலில் கட்டத்தைத் தாண்டிவிடும். எண்கள் வெறிபிடித்து வீங்கி, ஓட்டம் நின்றுவிடும். தாவலைச் சிறிதாக்குவதுதான் யோக்கியமான வைத்தியம். ஆனால் நேரம் பிடிக்கும்.

கணவன் இறந்த அன்று, காலை அறிக்கைக்கு நேரமாகிறது என்று இஸ்திரிப்பெட்டி வேறு வைத்தியம் பார்த்தார். ஒவ்வொரு கட்டத்தையும் அக்கம்பக்கத்தோடு கலந்து சமப்படுத்தும் தேய்ப்பை மும்மடங்காக்கினார். ஓட்டம் நிற்கவில்லை. கரையோரம் முளைத்திருந்த சின்னப் புயல்தான் தேய்ந்து கணக்கிலிருந்து காணாமல் போனது.

கரை நிலையத்திலிருந்த கணவன் காற்றழுத்தத்தை அளந்து அனுப்பினான். சுற்றியுள்ள எண்களோடு ஒட்டவில்லை என்று நிரல் அதைத் தள்ளிவிட்டது. தினமும் அவளுக்குப் போன் செய்து அளவைச் சொல்லி, "எழுதிக்கிட்டியா?" என்று சீண்டுகிறவன், அன்று இயக்குநரைக் கூப்பிட்டு, நிலையத்தை விட்டுக் கிளம்பட்டுமா என்று கேட்டான். அவள் இயக்குநரின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"மாடல்ல அமைதின்னுதான்பா காட்டுது. இருந்த இடத்துலயே இரு."

இருந்தான். நிலையத்தோடு சேர்த்துக் கடல் கொண்டுபோனது.

இப்போது அவள் ஓட்டத்தைத் தொடங்கினாள். அதே எண்கள், அதே தேய்ப்பு. ஆனால் திரையில், நிலையம் இருந்த கட்டத்தில் காற்று எழும்பியது.

"தேய்ப்ப ஏத்து," என்றார்.

ஏற்றினாள். மற்ற கடல்களின் புயல்களெல்லாம் கரைந்தன. அது கரையவில்லை.

"இன்னும் ஏத்தும்மா."

துருவத்திலிருந்து துருவம் வரை உலகத்தில் காற்றே செத்துப்போயிற்று.

அந்த ஒரு கட்டத்தில் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

கூடத்தின் விசிறிகள் நின்றன.

இரைச்சல் நிற்கவில்லை.

"யாரு கதவத் திறந்து வச்சது?" என்று கிசுகிசுத்தார்.

"இங்க ஒரே கதவுதான் சார். அதுலதான் நீங்க சாஞ்சு நிக்கறீங்க."

அவள் கையெழுத்துப் போடவில்லை. அவரே போட்டு அனுப்பினார். அளந்தவர் தவறு என்று மறுநாள் செய்தியும் வந்தது.

அன்றிலிருந்து அந்தக் காற்று நகர ஆரம்பித்தது. நாளுக்கு ஒரு கட்டம், கடலை விட்டு உள்நாட்டுக்குள். நிரலை மாற்றினார்கள், இயந்திரத்தையே மாற்றினார்கள். அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இயக்குநர் வீடு இருக்கும் தெரு அவள் அறியாததல்ல.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் போன் அடித்தது.

"அம்மா... அங்க காத்து அடிக்குதா?" இயக்குநரின் குரல். அதற்குப் பின்னால் ஏதோ ஊளையிட்டது. கண்ணாடி நொறுங்கியது. "தெருவுல ஒரு இலைகூட ஆடல. என் வீட்டுக்குள்ள மட்டும்... என்ன பண்றது, சொல்லும்மா."

அவள் வெளியே பார்த்தாள். கொடியில் காயும் துணி அசையாமல் தொங்கியது.

"மாடல்ல அமைதின்னுதான் சார் காட்டுது," என்றாள். "இருந்த இடத்துலயே இருங்க."

அலறல் பாதியில் அறுந்தது. ஊளையும் அடங்கியது.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஈரக் கயிற்றின் வாடை அறையில் நிறைந்தது. யாரோ மிக நிதானமாக ஓர் அளவைச் சொன்னார்கள்.

பிறகு, சீண்டுகிற அதே குரல்:

"எழுதிக்கிட்டியா?"