செவுள் அசையாத மீன்

மூன்றாம் நாள்தான் பிங்யாவ் கவனித்தார், புது மீனின் செவுள் அசையவே இல்லை. மற்ற மீன்கள் வாய் திறந்து மூடிக்கொண்டிருக்க, அது மட்டும் கண்ணாடியில் ஒட்டியபடி சும்மா இருந்தது.

பக்கவாதம் அவரிடம் விட்டுவைத்தது இமைகளைத்தான். ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்வும் கிடையாது. பொழுது போகட்டுமே என்று மனைவி மெய்ஷுவே அவருடைய கட்டிலை மீன்தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டிருந்தாள். காவ்சியுங் நகரத்தில் பிளெக்கோ என்கிற, ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் சக்கர் மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அவரிடம்தான் படம் அனுப்பிக் கேட்பார்கள். முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணி, வாயோர மீசையைப் பார்த்து, இன்ன வகை என்று சொல்லிவிடுவார். யாராவது குப்பை மீன் என்றால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

இதற்கு மீசை இல்லை. துடுப்பில் முள்ளும் இல்லை.

"கால்வாயில வலை போட்டவன் சும்மாவே குடுத்தான் கிழவா. பிளெக்கோதானே இது?" என்று கேட்டாள் மெய்ஷுவே.

அவர் இரண்டு தடவை இமைத்தார்.

"நீ என்னைக்கு ஒத்துக்கிட்ட? முப்பது வருஷமா எவன் மீன் கொண்டாந்தாலும் இது அது இல்லம்ப. வாய் போயும் கொழுப்பு போகல பாரு."

சிரித்துக்கொண்டே சுரைக்காய்த் துண்டு ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கினாள். சக்கர் மீனைப் பட்டினி போட்டால் அசையாமல் நிற்கும் மீனின் மேல் ஒட்டிக்கொண்டு தோலைச் சுரண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். சுரைக்காய் மறுநாளும் அப்படியே கிடந்தது. தொட்டியிலிருந்து கட்டில்வரை தரை ஈரமாக இருந்தது. ஏசி ஒழுகுகிறது என்று அலுத்துக்கொண்டே துடைத்தாள்.

வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் லாய் அன்று அவர் காலைத் தூக்கித் துடைத்தபோது, கெண்டைக்காலில் அதை அவரும் பார்த்தார். வட்டமாக, தோல் உரிந்து, உள்ளே சன்னமான கோடுகள்.

"படுக்கைப்புண்தான் அக்கா. அடிக்கடி திருப்பிப் போடுங்க."

இரண்டு தடவை இமைத்தார். மறுபடியும் இரண்டு. மறுபடியும்.

"பாவம், கண்ணு காஞ்சு போயிருக்கு," என்று சொல்லி லாய் சொட்டு மருந்து விட்டாள். அவருக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது, கண்ணில் வழிந்ததை மருந்து என்று நினைத்து லாய் துடைத்துவிட்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் மெய்ஷுவே திரையை இழுத்துவிட்டு, கட்டிலை ஒட்டிய நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனாள். வெளியே வெயிலில் ஒரு ஸ்கூட்டர்கூட ஓடவில்லை. தொட்டியின் காற்றுக்குமிழ்ச் சத்தத்துக்கும் அவளுடைய மெல்லிய குறட்டைக்கும் நடுவே, மீன் கட்டையைச் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம் நிதானமாக, விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பிளெக்கோ வளர்த்தவருக்கு அது தாலாட்டு மாதிரிப் பழகிய சத்தம். அவர் தொட்டியைப் பார்த்தார்.

கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

தொட்டிக்குள் கிடந்த கட்டைக்கு அடியில் இல்லை. மணலில் இல்லை.

சத்தம் போர்வைக்குள் இருந்து வந்தது.

பாசி நாற்றம். முழங்கால் பக்கம் போர்வை மேடாக இருந்தது. மேடு தொடைக்கு வந்தது. நின்றது. சுரண்டியது. வலிக்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மெய்ஷுவே, எழுந்திரு. எழுந்திருடி.

மேடு இடுப்பைத் தாண்டியது.

இப்போது தெரிந்தது. வயிற்றில் சில்லென்று, வட்டமாக, ஒரு உதடு படிந்தது.

மெய்ஷுவே அரைக்கண் திறந்தாள். அவர் இமைகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

"குளிருதா கிழவா?"

தூக்கக் கலக்கத்தோடு எழுந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்து, காற்று புகாதபடி இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகினாள். வயிற்றின் மேல் லேசாகத் தட்டிக்கொடுத்துவிட்டு, மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.